ஓவியங்களை 3டி பிரிண்ட் எடுத்து வைத்தால் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் போதுமா?

புதுச்சேரியில் நண்பர்களோடு சேர்ந்து ஓவியக் கண்காட்சி நடத்தப் போகிறீர்கள். பார்வையற்ற பள்ளிப் பிள்ளைகளும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். பன்னிரண்டு ஓவியங்களை 3டி பிரிண்ட் எடுத்து, அடியில் பிரெய்லில் பெயர் ஒட்டி வைத்தால் போதுமா என்பது உங்கள் கேள்வி.

போதாது. எண்ணம் நல்லதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இப்படிச் செய்தால் பணம் நிறையக் கரையும். பிள்ளைகள் வந்து வரிசையாகப் பலகைகளைத் தடவிவிட்டு, "நல்லா இருக்கு சார்" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவார்கள். தொடு படங்கள் செய்கிற வேலையில் நெடுநாளாக இருக்கிறவன் என்பதால் அந்த "நல்லா இருக்கு சார்" எனக்கு நன்றாகவே பழக்கம்.

ஏன் போதாது என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1780களில் பாரிசில் வலாந்தேன் அவுயி என்பவர் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவர்களைப் படிக்க வைக்க அவர் கண்ட வழி, சாதாரண பிரெஞ்சு எழுத்துகளையே தாளில் புடைத்து நிற்கும்படி அச்சடிப்பது. பார்வையுள்ளவர்களுக்கு அது பெரிய அதிசயமாகத் தெரிந்தது. விரலுக்கோ படாத பாடு. ஒவ்வோர் எழுத்தையும் சுற்றிச் சுற்றித் தடவி இன்னதென்று பிடிப்பதற்குள் முந்தைய எழுத்து மறந்துபோகும். அதே பள்ளியில் 1819-ல் சேர்ந்த பையன்தான் லூயி பிரெய்ல். ராணுவத்தில் இருந்த சார்ல் பார்பியே உருவாக்கிய புள்ளி முறையை எடுத்துச் சுருக்கி, ஆறு புள்ளிகளில் அடக்கி, 1829-ல் வெளியிட்டார். அந்தப் புள்ளிகள் எந்த எழுத்தின் சாயலிலும் இல்லை. கண்ணுக்கு அதில் ஒரு அழகும் கிடையாது. ஆனால் ஒரு முழு எழுத்து ஒரு விரல்நுனிக்குள் அடங்குகிறது.

ஓவியத்தை ஸ்கேன் செய்து அப்படியே புடைப்பாக அச்சடிப்பது அவுயியின் வழி. கண்ணுக்காகச் செய்ததை மேடாக்கிவிட்டால் விரலுக்கு ஆகிவிடும் என்கிற நம்பிக்கை. நாம் போக வேண்டியது பிரெய்லின் வழி. ஓவியம் என்ன சொல்கிறது என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதை விரலுக்காகப் புதிதாகச் செய்ய வேண்டும்.

விரலைக் குறைத்து எடை போடுவதாக நினைக்க வேண்டாம். 1985-ல் ராபர்ட்டா கிளாட்ஸ்கி, சூசன் லெடர்மன் என்ற உளவியல் ஆய்வாளர்கள், கண்ணைக் கட்டியவர்களின் கையில் 100 அன்றாடப் பொருள்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். 96 சதவீதம் சரியான பதில், அதுவும் பெரும்பாலும் சில விநாடிகளில். பிற்பாடு பொருள்களுக்குப் பதிலாகப் புடைப்புக் கோட்டுப் படங்களைக் கொடுத்துச் சோதித்தபோது அந்தத் திறமை பெருமளவு காணாமல் போனது. கை அதே கைதான், கொடுத்த பொருள்தான் வேறு. நிஜப் பொருள் கிடைத்தால் கை ஆறு விதமாக வேலை செய்யும்: சொரசொரப்பை அறியத் தேய்க்கும், கெட்டியா மெத்தென்றா என்று அழுத்தும், குளிர்ச்சியை அறிய அப்படியே வைத்திருக்கும், எடை பார்க்கத் தூக்கும், மொத்த வடிவத்தை அறியப் பொத்திப் பிடிக்கும், நுணுக்கத்துக்கு ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போகும். 1987-ல் அவர்களே இதை வகைப்படுத்தி எழுதினார்கள். பிளாஸ்டிக் பலகையில் எழும்பிய ஓவியம் இந்த ஆறில் கடைசி ஒன்றுக்குத்தான் உருப்படியாக வேலை கொடுக்கும்.

இந்த இடத்தில் யாராவது, "தஞ்சாவூர் ஓவியம் ஏற்கெனவே மேடு பள்ளமாகத்தானே இருக்கிறது, அதை வைத்துவிடலாமே" என்பார்கள். ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். எதெல்லாம் புடைத்திருக்கிறது? மண்டபத்தின் வளைவு, தூண், திரைச்சீலை, நகை, கல் பதித்த இடம். குழந்தைக் கண்ணனின் முகமும் தொப்பையும் வெண்ணெய் எடுக்கும் கையும் தட்டையான வண்ணம். விரல் வாசலையே சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, உள்ளே இருக்கிற பிள்ளையைப் பார்க்காமலே திரும்பிவிடும். புடைப்பு இருப்பது பெரிதில்லை, முக்கியமானது புடைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஓர் ஓவியத்தை எப்படிப் பிரித்துச் செய்வது என்று ஒரே ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். ரவி வர்மாவின் சகுந்தலை படத்தைக் காலண்டரிலாவது பார்த்திருப்பீர்கள். படத்தின் செய்தியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள், வேலை அங்கேதான் தொடங்குகிறது: காலில் முள் தைத்ததுபோல் பாவனை செய்து, தோழியைப் பிடித்துக்கொண்டு, தான் விரும்பியவனைத் திரும்பிப் பார்க்கிறாள். இப்போது சிக்கலைப் பாருங்கள். படத்தின் உயிரே அந்தப் பார்வைதான். பார்வை என்பது தொடக்கூடிய பொருள் இல்லை. பார்க்கப்படுகிறவனோ படத்துக்குள்ளேயே இல்லை. மரம், செடி, புல்தரை, வானம் எல்லாவற்றையும் அச்சடித்து வைத்தால் விரலுக்கு அது சந்தைக்கடை இரைச்சல்.

நான் இதை மூன்று பலகையாகச் செய்வேன். முதல் பலகையில் எத்தனை பேர், யார் எங்கே நிற்கிறார்கள் என்பது மட்டும். உருவங்கள் வெறும் மேடுகளாக இருந்தால் போதும், முகம் வேண்டாம், மடிப்பு வேண்டாம். இரண்டாவதில் சகுந்தலை மட்டும், பெரிதாக: திரும்பிய உடம்பு, தூக்கிய பாதம், அதை நோக்கிப் போகும் கை, தோழியைப் பற்றிய கை. சேலை எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்பது தெரிய ஒரே ஒரு சொரசொரப்பு வேறுபாடு. மூன்றாவதில் தலையும் கழுத்தும். மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரல் பிடித்துவிட்டால் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு பலகையை ஒதுக்கிவிட்டு, பிள்ளையை எழுந்து நிற்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கிறவர் தோளைப் பிடி, ஒரு காலை மடக்கித் தூக்கு, மற்றக் கையால் பாதத்தைத் தொடு, இப்போது கழுத்தை மட்டும் பின்னால் திருப்பு. கழுத்து இழுக்கும், உடம்பு ஆடும். முள் எடுக்கிறவள் யாரும் அப்படித் திரும்ப மாட்டாள் என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு மாணவி இப்படி நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இவ நடிக்கிறா சார்" என்றாள். ரவி வர்மாவின் ஓவியத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

பிறவியில் பார்வை இல்லாதவர்களுக்கு ஓவியமே புரியாது என்று ஆசிரியர்களே சில நேரம் சொல்வார்கள், நம்ப வேண்டாம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஜான் கென்னடி பல ஆண்டுகள் ஆராய்ந்து, பார்வையற்றவர்கள் கோட்டுருவத்தைப் புரிந்துகொள்கிறார்கள், தாங்களே வரையவும் செய்கிறார்கள் என்று காட்டினார். துருக்கியைச் சேர்ந்த எஷ்ரெஃப் அர்மாகான் பிறவியிலேயே பார்வையற்றவர், ஓவியர். நம் நாட்டில் பினோத் பிஹாரி முகர்ஜி 1950களில் பார்வையை முழுதாக இழந்த பிறகும் காகித வெட்டுப் படங்கள் செய்தார், சாந்திநிகேதனில் ஓடுகளால் பெரிய சுவரோவியம் அமைத்தார். ஆனால் ஒன்று: ஒருவர் முன்னால் நின்று இன்னொருவரைப் பாதி மறைப்பது, தூரத்து மரம் சிறியதாகத் தெரிவது போன்றவை கண்ணின் வழக்கங்கள். அவற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள்.

சில அளவுகள். பலகை இரண்டு கைகளும் சிரமமில்லாமல் எட்டும் அளவில் இருக்கட்டும், ஏ3 தாளை விட அதிகம் பெரிதாக வேண்டாம். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு இடையே குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், அதற்கும் நெருங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரு பலகையில் நாலு விதத்துக்கு மேல் சொரசொரப்பு வேண்டாம். நிழலை எடுத்துவிடுங்கள், விரலுக்கு நிழலும் ஒரு பொருளாகத்தான் படும். கோடு மேல் கோடு குறுக்கே போகும் இடங்களில் விரல் வழி தவறும். சிக்குக் கோலத்தைப் புடைப்பாகச் செய்து பாருங்கள், தெரிந்துவிடும். ஒவ்வொரு சந்திப்பிலும் நேரே போவதா திரும்புவதா என்று விரல் நின்றுவிடும். கம்பி எங்கே மேலே போகிறது, எங்கே அடியில் போகிறது என்று ஓர் இழையைச் சற்று உயர்த்திக் கொடுத்தால், அதே கோலத்தைப் பிள்ளைகள் ஒரே ஓட்டத்தில் சுற்றி முடிப்பார்கள்.

இனி எதில் செய்வது? பிரிண்டர் வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை வில்லியனூர் போய்வாருங்கள். சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். அங்கே அந்த வேலையைச் செய்யும் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. களிமண்ணில் எதை ஏற்ற வேண்டும், எதை அழுத்திவிட வேண்டும் என்று முடிவெடுக்கிறவர்கள் காலம் முழுக்க விரலால் பார்த்துப் பழகியவர்கள். கம்ப்யூட்டர் படத்தில் கருப்பை உயரமாகவும் வெள்ளையைப் பள்ளமாகவும் ஆக்குகிற மென்பொருளுக்கு அந்த விவேகம் வராது. கருங்கூந்தல் மலையாகும், வெளுத்த முகம் குழியாகும். மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும், அதற்குத் தகுந்தபடி கொஞ்சம் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள். சுடுவதற்கு முன் கூழாங்கல்லால் தேய்த்து மேற்பரப்பை வழவழப்பாக்கினால் விரல் உராயாது. பிள்ளைகள் கையில் தூக்கிப் பார்க்க வேண்டியவற்றுக்குத் திருக்கனூர் காகிதக்கூழ் வேலை நல்லது, எடை இல்லை, கீழே விழுந்தாலும் பெரிய சேதம் இல்லை. அதற்கும் புவிசார் குறியீடு இருக்கிறது.

ஒரே பலகையை நூற்றுக்கணக்கான பேர் தொடப் போகிறார்கள் என்றால் களிமண் மூலத்திலிருந்து அச்சு எடுத்து ஃபைபரில் வார்த்துவிடலாம். இதற்குக் கலைக்கூடம் தேடி அலைய வேண்டாம். கடலூர், புதுச்சேரிக் கரையில் ஃபைபர் படகு கட்டுகிற, பழுது பார்க்கிற பட்டறைக்காரர்களுக்கு அச்சு, ரெசின், கண்ணாடி இழைப் பாய் எல்லாம் தண்ணி பட்ட பாடு. அலையில் அடிபடும் படகையே செய்கிறவர்களுக்கு உங்கள் பலகை எம்மாத்திரம்! ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: ஓரத்தில் இழை ஒன்றுகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, விரலில் ஏறிவிடும்.

3டி பிரிண்ட் கூடவே கூடாது என்று சொல்லவில்லை. ஆயி மண்டபம் மாதிரி ஒரு கட்டடத்தைக் கைக்குள் அடங்கும்படி செய்ய அதைவிட வசதி இல்லை. ஆனால் அச்சின் அடுக்குக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்கு நன்றாகத் தெரியும். அவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் வைத்தால் பிள்ளைகள் படத்தை விட்டுவிட்டு அந்த வரிகளையே படிப்பார்கள். சாதாரண பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கோட்டுப் படம் போதும் என்றால் உப்பும் தாள் என்று ஒன்று இருக்கிறது. தாளின் மேல்பூச்சில் நுண்ணிய உறைகள் இருக்கும். கருப்பாக அச்சடித்து வெப்ப இயந்திரத்தில் விட்டால் கருமை வெப்பத்தை இழுத்து அந்த இடம் மட்டும் உப்பி எழும். தாளும் இயந்திரமும் விலை அதிகம். டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவான ரெய்ஸ்டு லைன்ஸ் பவுண்டேஷன், பிளாஸ்டிக் தாளில் புடைப்புப் படங்களைக் குறைந்த செலவில் அச்சிட்டுத் தருகிறது. கையில் காசே இல்லையென்றால், மருதாணிக் கோனில் ஃபெவிகால் நிரப்பி அட்டையில் கோடு இழுத்து ஒரு ராத்திரி காயவிடுங்கள். பல வகுப்பறைகளில் பாடமே அதில்தான் ஓடுகிறது.

ஆனால் உங்கள் கண்காட்சியில் ஒரு சிற்பமாவது இருக்கட்டும். முழுச் சிற்பத்தைத் தொடுகிற சுகம் எந்தப் பலகையிலும் வராது. கடைகளில் கிடைக்கும் ஒரு முழ உயர நடராஜர் போதும். பித்தளையாக இருந்தாலும் பரவாயில்லை, எடையும் குளிர்ச்சியும் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் சூட்சுமம். எல்லாரும் தலையிலிருந்து தொடங்குவார்கள், நான் அடியிலிருந்து தொடங்குவேன். பீடம், அதன் மேல் குப்புறக் கிடக்கும் முயலகன், அவன் முதுகில் ஊன்றிய வலது கால். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் இடுப்பு. இடுப்பிலிருந்து இடது கால் குறுக்கே பறக்கிறது, கீழே தாங்கல் எதுவும் இல்லை. இந்த இடத்தில் பிள்ளைகள் கையை அடியில் விட்டுத் துழாவுவார்கள், விடுங்கள், துழாவட்டும். ஒற்றைக் காலில் நிற்கிறார் என்பதை அந்த வெற்றிடம் சொல்லிவிடும். பிறகு கைகள்: பின் வலதில் உடுக்கை, பின் இடதில் தீ, முன் வலது அபயம். முன் இடது கை மார்புக்குக் குறுக்காக வந்து தூக்கிய பாதத்தைக் காட்டும். அந்தக் கைக்கும் உடம்புக்கும் இடையே விரலை விடலாம், அவ்வளவு இடைவெளி இருக்கும். புகைப்படத்தில் இந்த இடைவெளி தெரியவே தெரியாது. புடைப்புப் பலகையில் கையும் மார்பும் ஒட்டிப் போய்விடும். கடைசியாகத் திருவாசி, ஒரு முழுச் சுற்று. அதற்கு முன்பே அதைத் தொட்டால் வெறும் வளையம், உள்ளே ஆடுகிறவரைத் தெரிந்துகொண்ட பிறகு தொட்டால் ஆட்டத்தின் எல்லை.

இதில் ருசி கண்டவர்களை அடுத்து சிதம்பரத்துக்கே கூட்டிப்போகலாம். கோபுர வாசல்களின் உட்சுவரில் பரதர் சொன்ன 108 கரணங்களும், அதாவது ஆடல் நிலைகளும், சதுரம் சதுரமாகச் செதுக்கப்பட்டு, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிப்போகின்றன. கைக்கு எட்டுவது கீழே உள்ளவை மட்டும்தான், ஆனாலும் ஒரு சதுரத்துக்கு ஓர் ஆடல் என்கிற அமைப்பு விரலுக்கு மிகத் தோதானது.

எந்தப் பொருளானாலும் பக்கத்தில் குரல் வேண்டும். முதலில் மொத்தம் இன்னது என்று சொல்லுங்கள், என்ன அளவு, எதில் செய்தது, எத்தனை உருவம் என்று. அதன் பிறகு கை போகும் வழியில் சொல்லுங்கள். அவர்கள் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள், கண்ணைப் பிடித்துத் திருப்புவதற்குச் சமம் அது. வழி காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், கேட்டுவிட்டு, உங்கள் கையை அடியில் வையுங்கள். அவர்கள் கை அதன் மேல் இருக்கட்டும், வேண்டாமென்றால் எடுத்துக்கொள்வார்கள். வண்ணத்தைச் சொல்லாமல் விடாதீர்கள். நடுவயதில் பார்வை போனவருக்கு அது நினைவு. பிறவியில் இல்லாதவருக்கும் மஞ்சள் மங்கலத்துக்கு, வெள்ளை துக்கத்துக்கு என்பதெல்லாம் நம்மைப் போலவே தெரியும்.

பிரெய்ல் பெயர்ப்பலகை அவசியம், ஆனால் அதோடு நிறுத்த முடியாது. பிற்காலத்தில் பார்வை இழந்தவர்கள் பலருக்கு பிரெய்ல் வாசிக்க வராது. செல்போனில் கேட்கும் ஒலிப்பதிவுக்கு கியூஆர் கோடு வையுங்கள், அது இருக்கும் இடம் விரலுக்குத் தெரிய சுற்றிலும் ஒரு மேடான கட்டம் போடுங்கள். பார்வையற்ற பள்ளிகளில் படிக்கும் பலருக்குக் கொஞ்சம் பார்வை இருக்கும். அதனால் பலகையை வெள்ளையாக விடாமல் அழுத்தமான வண்ணம் தீட்டுங்கள். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் 2015-ல் ஆறு ஓவியங்களைத் தொடும் வடிவில் வைத்தபோது, மேட்டின் மேலேயே மூல வண்ணத்தையும் அச்சடித்திருந்தது.

டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் அதே 2015-ல் திறந்த அனுபவ் கூடத்தில் 22 தொடு மாதிரிகள் இருக்கின்றன. இத்தாலியின் அன்கோனாவில் கிராசினி என்ற பார்வையற்ற தம்பதி, எங்கே போனாலும் "தொடாதே" என்று கேட்டுச் சலித்து, எல்லாவற்றையும் தொடலாம் என்கிற ஒமேரோ அருங்காட்சியகத்தையே 1993-ல் உருவாக்கிவிட்டார்கள். நம் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் சோழர் கால வெண்கலங்கள், அரிக்கமேட்டுப் பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. மூலத்தைத் தொட விட மாட்டார்கள், வியர்வையின் உப்பு உலோகத்துக்கு ஆகாது என்பதால் அது நியாயமும்கூட. மாதிரி செய்ய அனுமதி கேட்கலாம். 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த தட்டுகளில், உள்பக்க அடியில் பல்சக்கரம் உருட்டியதுபோல் சின்னச் சின்னக் குழிகள் வட்டம் வட்டமாக ஓடும். வில்லியனூர்க் குயவர் ஒருவர் அதைத் திரும்பச் செய்துவிடுவார். கடிதம் எழுதும்போது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29-வது பிரிவு என்று குறிப்பிடுங்கள், கலையை அவர்கள் அணுகும்படி செய்வது அரசின் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. உயிரோடிருக்கும் ஓவியரின் படத்தை மாற்றுவது பற்றிப் பயம் வேண்டாம். 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, லாப நோக்கமில்லாமல் இதைச் செய்ய இடம் தருகிறது. இருந்தாலும் ஓவியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவரே எது முக்கியம் என்று சொல்லிவிட்டால் பாதி வேலை குறையும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், களிமண் ஈரமாக இருக்கும்போதே பார்வையற்ற ஒருவரை வரவழைத்துத் தொடச் சொல்லுங்கள். திறப்பு விழாவுக்கு அழைப்பது வேறு, இது வேறு. "இது என்ன?" என்று கேட்காமல், "என்ன தெரிகிறது, சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் விரல் எங்கே நிற்கிறது, எங்கே இரண்டாம் முறை திரும்புகிறது என்று பாருங்கள், அங்கெல்லாம் மண்ணைத் திருத்த வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். சிற்பிக்குக் கொடுக்கிறோம், ஃபைபர்காரருக்குக் கொடுக்கிறோம், இவருக்கு மட்டும் டீயும் பொன்னாடையும் என்பது சரியில்லை.

பார்வையுள்ளவர்களையும் அதே மேசையில் தொட விடுங்கள். கண்ணைக் கட்டிவிட்டு "அவர்கள் கஷ்டத்தை உணருங்கள்" என்று ஒரு மூலை வைக்கிறார்களே, அது மட்டும் வேண்டவே வேண்டாம். ஐந்து நிமிடம் கண்ணைக் கட்டியவருக்குத் தெரிவது இருட்டின் பயம், பழகிய விரலின் கெட்டிக்காரத்தனம் இல்லை.

பன்னிரண்டைப் பற்றி: ஒரு படைப்பை ஒழுங்காகத் தொட்டு முடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், ஒரு மேசையில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் முடியாது. ஒரு வகுப்பே பஸ்ஸில் வந்து இறங்கினால் பாதிப் பேர் சுவரோரம் காத்துக்கிடப்பார்கள். மூன்று ஓவியம், ஒரு சிற்பம் என்று வைத்துக்கொண்டு, ஆறு ஆறு பேராக வெவ்வேறு நாளில் வரச் சொல்லி அந்தப் பள்ளியோடு பேசுங்கள். மீதி ஒன்பது ஓவியங்களுக்கு நல்ல விவரணையை ஒலிப்பதிவாகக் கொடுத்துவிடலாம். அதையும் பார்வையற்ற ஒருவர் கேட்டுத் திருத்திய பிறகு பதிவு செய்யுங்கள்.